அடிமரத்தில் ஏன் அவ்வளவு கரி?

ஊரிலிருந்து அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ கலிஃபோர்னியாவுக்கு வந்தால், கோல்டன் கேட் பாலத்தைப் பார்த்து முடித்த கையோடு அடுத்த கேள்வி வந்துவிடும். "அந்தப் பெரிய மரம் இருக்காமே, அது எங்கே?" அது சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் இருக்கிறது. சான் ஹோசேயிலிருந்து காரில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஆரஞ்சுத் தோட்டங்கள் முடிந்து, த்ரீ ரிவர்ஸ் என்ற சிற்றூரைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். பின் சீட்டில் யாருக்காவது குமட்டும். புதர்க்காடு போய்க் குளிர்காற்று வந்த பிறகு, ஃபோர் கார்ட்ஸ்மென் என்று பெயர் வைத்திருக்கும் நான்கு மரங்களுக்கு நடுவே சாலையே புகுந்து போகும். அங்கேதான் செக்கோயாத் தோப்பு ஆரம்பம்.

எல்லாரும் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். கழுத்து வலித்ததும் தலையை இறக்கி அடிமரத்தைப் பார்ப்பார்கள். உடனே முகம் மாறும். ஏனென்றால் பெரிய மரங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் கரி இருக்கிறது. சிலவற்றில் ஆள் உயரத்துக்குக் கறுப்புத் திட்டு. சிலவற்றில் குடும்பமே உள்ளே போய் நிற்கும் அளவுக்கு எரிந்து குடைந்த பொந்து. எங்கள் அத்தை அப்படி ஒரு பொந்துக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, விரலில் ஒட்டிய கரியைக் காட்டி, "பாவம், இப்படித் தீய விட்டுட்டாங்களே, யாரும் பாத்துக்கிறதில்லையா?" என்றார். வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் நினைப்பது இதுதான். தீ வந்தது, மரத்துக்குக் கேடு நடந்தது, ஏதோ புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டது.

லாட்ஜ்போல் முகாமில் கூடாரம் அடித்து, கேஸ் அடுப்பில் டீ வைத்தாயிற்று. ஏறக்குறைய இரண்டாயிரம் மீட்டர் உயரம் என்பதால் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். டீ இறங்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதற்குள் இந்தக் கரியைப் பற்றி நாம் நிதானமாகப் பேசிவிடலாம்.

முதலில் எந்த மரம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம், ஏனென்றால் இரண்டு மரங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வது இங்கே சகஜம். சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில், மூடுபனி வரும் கடலோரத்தில், மியூர் வுட்ஸ் போன்ற இடங்களில் இருப்பது கோஸ்ட் ரெட்வுட். உயரத்தில் உலகிலேயே அதை மிஞ்ச மரம் கிடையாது, 115 மீட்டரைத் தாண்டும். நாம் வந்திருப்பது அதன் உறவுக்கார மரமான ஜெயன்ட் செக்கோயாவைப் பார்க்க. உயரம் கொஞ்சம் குறைவு, பருமன் மிக அதிகம். ஜெனரல் ஷெர்மன் என்ற மரம் ஏறத்தாழ 84 மீட்டர் உயரம், தரையோடு அளந்தால் சுற்றளவு 31 மீட்டர், மொத்தக் கன அளவு 1,487 கன மீட்டர். ஒற்றைத் தண்டுள்ள மரங்களில் கன அளவில் உலகிலேயே பெரியது அதுதான். வயது சுமார் 2,200 ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதைவிட மூத்த செக்கோயாக்களும் உண்டு. வெட்டிய ஓர் அடிக்கட்டையில் 3,266 வளையங்கள் எண்ணப்பட்டிருக்கின்றன.

இவ்விரண்டுக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு, நம் கதைக்கு அதுதான் முக்கியம். கோஸ்ட் ரெட்வுட்டை வெட்டினாலும் எரித்தாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். முதிர்ந்த செக்கோயாவுக்கு அந்த வசதி இல்லை. விதை விழுந்து முளைத்தால்தான் அதற்கு வம்சம்.

சரி, பொந்து விழுந்த மரம் எப்படி உயிரோடு நிற்கிறது? மரத்தின் உள்ளே இருக்கும் வைரம், அதாவது நடுக்கட்டை, உயிரில்லாத பகுதி. மரத்தைத் தாங்கி நிற்பதுதான் அதன் வேலை. உயிர் ஓடுவது பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய அடுக்கில். தண்ணீரை மேலே ஏற்றுவதும், இலையில் தயாரான உணவைக் கீழே கொண்டுவருவதும், புதுக் கட்டையை வளர்ப்பதும் அந்த வட்டாரம்தான். தீ ஒரு பக்கத்தைத் தின்றாலும் மீதிச் சுற்றில் அந்த அடுக்கு பிழைத்திருந்தால் மரம் தன் பாட்டுக்கு வளரும். எரிந்த ஓரத்திலிருந்து புதுக் கட்டை உருண்டு வந்து காயத்தை மூடப் பார்க்கும். சிறு காயமானால் நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு எடுத்துக்கொண்டு மூடியும் விடும்.

பிள்ளைகளை அழைத்துப் போனால் ஒன்றைக் கவனிக்கச் சொல்லலாம். இந்தப் பொந்துகள் பெரும்பாலும் மலையின் மேட்டுப் பக்கமாகவே இருக்கும். சரிவில் உருண்டு வரும் சருகும் கிளையும் மரத்தின் மேட்டுப் பக்கத்தில்தான் வந்து முட்டிக் குவியும். தீ வரும்போது அங்கேதான் நின்று எரியும். எங்கள் மகள் பத்து மரங்களைச் சுற்றி வந்து கணக்கெடுத்துவிட்டு, விதிக்கு அடங்காத மரம் ஒன்றைக் கண்டுபிடித்ததில்தான் பெருமைப்பட்டாள்.

இப்போது பட்டைக்கு வருவோம். செக்கோயாவின் பட்டையைத் தொட்டால் மரத்தைத் தொடுகிற உணர்வே வராது. நாராக, மெத்தென்று, அழுத்தினால் லேசாகக் கொடுக்கும். அடிமரத்தில் 60 சென்டிமீட்டர் கனம்வரை இருக்கும். அதற்குள் காற்று நிறைய அடைபட்டிருப்பதால் வெப்பம் எளிதில் உள்ளே போகாது. பைன் மரங்களில் தீயைக் கொழுந்துவிட வைக்கும் பிசின் இதில் மிகக் குறைவு. பதிலுக்கு டானின் ஏராளம். டானின் என்றால் வேறொன்றுமில்லை, இப்போது கையில் வாங்கிய கட்டன் சாயாவில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு இருக்கிறதே, அந்த வகைப் பொருள்தான். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அது பிடிக்காது. பட்டையின் செந்நிறத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. இவ்வளவு ஏற்பாட்டோடு நிற்கும் மரத்தின் அடியில் முழங்கால் உயரத் தீ ஊர்ந்து போனால், வெளிப்பட்டை கருகும், அவ்வளவுதான். அத்தையின் விரலில் ஒட்டியது பெரும்பாலும் அந்தக் கருகல்தான்.

இவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேர் எங்கோ பாதாளம்வரை போகும் என்றுதான் நமக்குத் தோன்றும். முதிர்ந்த செக்கோயாவுக்கு ஆணிவேரே இல்லை. நாலு மீட்டர் ஆழத்துக்குள் முடிந்துவிடும் வேர்கள், பக்கவாட்டில் முப்பது மீட்டருக்கும் மேல் ஓடியிருக்கும். பார்வையாளர்கள் மிதித்து மண்ணை இறுக்கினால் வேருக்குத் தண்ணீர் போகாது. அதற்காகத்தான் பெரிய மரங்களைச் சுற்றித் தாழ்வாக மரவேலி. வேலியைத் தாண்டிப் போய்க் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

தீயைத் தாங்குகிறது என்பதுவரை புரிந்துவிட்டது. அடுத்த படி இன்னும் வேடிக்கை. தீ வராவிட்டால் இந்த மரத்துக்குச் சிக்கல்.

தரையில் முழங்கை நீளத்துக்குப் பெரிய காய்கள் கிடக்கும். "ஆகா, இவ்வளவு பெரிய மரத்துக்கு இவ்வளவு பெரிய காய்" என்று எல்லாரும் அதை எடுத்து வைத்துப் படம் பிடிப்பார்கள். அது பக்கத்தில் நிற்கும் சுகர் பைன் மரத்தின் கூம்பு. செக்கோயாவின் கூம்பு கோழி முட்டை அளவுதான். அதற்குள் சுமார் இருநூறு விதை. விதையின் எடையைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள், இருநூறு விதை சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிராம். ஓரத்தில் மெல்லிய சிறகு வைத்த தூசி என்றே சொல்லலாம். (கூம்பை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். தேசியப் பூங்காவிலிருந்து எதையும் கொண்டுபோகக் கூடாது.)

பைன் மரத்தின் கூம்பு முற்றியதும் தானே விரிந்து விதையைக் கொட்டிவிடும். செக்கோயாக் கூம்பு முற்றிய பிறகும் பச்சையாக, மூடியபடி, கிளையிலேயே உயிரோடு இருக்கும். இருபது ஆண்டுவரைகூட அப்படியே இருக்கும். அது காய்ந்தால்தான் செதில்கள் சுருங்கி விரியும், விதை வெளியே வரும். காய வைக்க மூன்று பேர் உண்டு. ஒரு வகை வண்டின் புழு கூம்பைத் துளைத்து அதன் நீரோட்டத்தை அறுக்கும். டக்ளஸ் அணில் கூம்பின் சதைப்பற்றான செதில்களைக் கொறிக்கும். விதை அதற்குப் பெரிய பொருட்டில்லை, கொறிக்கும்போது சிதறிவிடும். மூன்றாவது தீ. தரையில் எரியும் தீயின் சூடான காற்று மேலே எழும்பி, ஐம்பது அறுபது மீட்டர் உயரத்தில் இருக்கும் கூம்புகளை உலர்த்தும். தீ கடந்துபோன சில நாட்களில், சில வாரங்களில், விதை மழை பெய்யும். அணிலும் வண்டும் ஆண்டு முழுக்கச் சில்லறையாகக் கொடுப்பதைத் தீ மொத்தமாகக் கொடுத்துவிடும்.

விதை விழுந்தால் போதுமா? எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தீ வராத காட்டில் தரை முழுக்கச் சருகும் ஊசியிலையும் மட்கும் கணுக்கால் புதைய மூடியிருக்கும். ஐந்து மில்லிகிராம் விதை அந்த மெத்தையின் மேல் விழுந்தால், அதற்குள் இருக்கும் சேமிப்பைக் கொண்டு விடும் நூல்போன்ற வேர் கீழே மண்ணைத் தொடுவதற்குள் கோடை வெயில் சருகை உலர்த்திவிடும். முளைத்ததும் செத்துவிடும். தீ வந்து சருகை எரித்துவிட்டால் அடியில் இருக்கும் வெற்று மண் வெளியே வரும், சாம்பலோடு இளகியிருக்கும். நாற்றை அழுக வைக்கும் பூஞ்சைகளில் ஒரு பகுதி செத்திருக்கும். தீ சற்று உக்கிரமாக எரிந்த திட்டுகளில் மற்ற மரங்கள் விழுந்து வானம் திறந்திருக்கும், வெயில் தரைக்கு வரும். செக்கோயா நாற்றுக்கு வெயில் வேண்டும், பெரிய மரத்தின் நிழலில் அது தேறாது. ஆக, கூம்பைத் திறக்கிற அதே தீதான் நாற்றங்காலையும் தயார் செய்துவிட்டுப் போகிறது. ஒரு பெரிய மரம் ஆண்டுக்கு மூன்று நான்கு லட்சம் விதை உதிர்ப்பதாகச் சொல்வார்கள். மரத்தின் ஆயுள் மூவாயிரம் ஆண்டு. அத்தனையிலிருந்து ஒரே ஒரு விதை பெரிய மரமாக வந்தாலே அதன் இடம் நிரம்பிவிடுகிறது.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. இந்த மலைகளைக் காலால் அளந்த இயற்கை எழுத்தாளர் ஜான் மியூர், 1875ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் கவீயா ஆற்றுப் பக்கம் ஒரு காட்டுத்தீயைப் பார்த்துக்கொண்டே பல நாள் தங்கியிருந்தார். புதர்ச் சரிவில் பாய்ந்து ஏறி வந்த தீ, பெரிய மரங்களின் தோப்புக்குள் நுழைந்ததும் அடங்கித் தரையோடு ஊர்ந்ததை எழுதியிருக்கிறார். செக்கோயாவைப் பெரிய அளவில் அழிப்பது தீ என்றும், அதன் விதைக்கு வேண்டிய வெறும் தரையைத் தருவதும் தீதான் என்றும் இரண்டையும் அவர் சேர்த்தே சொன்னார். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மியூருக்கும் முன்பே தெரிந்தவர்கள் இருந்தார்கள். மோனோ முதலான பழங்குடியினர் இந்த மலைகளில் வேண்டுமென்றே தீ வைத்துக் காட்டைப் பேணிவந்தார்கள். அதோடு மின்னல் வேறு. மரத்துக்குள்ளேயே இதற்குக் கணக்கு இருக்கிறது. தீ தீண்டும்போது ஆண்டு வளையத்தில் வடு விழும். வளையத்தை எண்ணினால் எந்த ஆண்டுத் தீ என்று தெரியும். அரிசோனா பல்கலைக்கழகத்தின் மரவளைய ஆய்வாளர்கள் விழுந்து கிடந்த செக்கோயாக்களின் துண்டுகளிலிருந்து மூவாயிரம் ஆண்டுத் தீ வரலாற்றை எடுத்திருக்கிறார்கள். தோப்புகளில் 6 முதல் 35 ஆண்டுக்கு ஒரு முறை தீ வந்துபோவது சாதாரணமாக இருந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது சட்டென்று குறைகிறது. பழங்குடியினரை விரட்டினார்கள், ஆட்டு மந்தைகள் புல்லை ஒட்ட மேய்ந்தன, பிறகு அரசாங்கமே வந்து தீயை அணைக்க ஆரம்பித்தது.

அணைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. 1890இல் செக்கோயா தேசியப் பூங்கா உருவானதே மரம் வெட்டுகிறவர்களிடமிருந்து இவற்றைக் காப்பாற்றத்தான். 1910இல் ஐடஹோ, மொன்டானா பக்கம் இரண்டே நாளில் 12 லட்சம் ஹெக்டேர் எரிந்தது நாட்டையே உலுக்கியது. 1935இல் அமெரிக்க வனத்துறை, எந்தத் தீயானாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கியாக வேண்டும் என்று விதி போட்டது. 1944இல் தொப்பி போட்ட ஸ்மோக்கி கரடி விளம்பரத்துக்கு வந்தது. காட்டுத்தீ என்றால் கெட்டது, அணைப்பது நல்லது. குழந்தைக்கும் புரியும் செய்தி. நம் அத்தைக்குத் தோன்றியதும் இதுதானே.

அறுபதுகளில்தான் சந்தேகம் எழுந்தது. காப்பாற்றிய தோப்புகளில் கிழட்டு மரங்கள் செழிப்பாக நிற்கின்றன, குட்டி செக்கோயா மட்டும் கண்ணில் படவே இல்லை. சான் ஹோசே மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டஸ்வெல்ட் தன் குழுவோடு, 1964இலிருந்து ரெட்வுட் மவுண்டன் தோப்பில் சிறு சிறு பகுதிகளை எரித்துப் பார்த்தார். எரித்த இடத்தில் நாற்று வந்தது. எரிக்காத இடத்தில் வரவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பூங்காவே திட்டமிட்டுத் தீ வைக்கத் தொடங்கியது.

இந்த இடத்தில் நம்மில் பாதிப் பேர் அடுத்த குழிக்குள் விழுவோம். "ஓ, அப்படியானால் தீ நல்லது!" என்று. முகாமில் மாலை நடந்ததைச் சொன்னால் அது ஏன் சரியில்லை என்பது புரியும்.

ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஓர் இரும்பு வளையம் பதித்திருப்பார்கள். தீ மூட்டுவதானால் அதற்குள் மட்டும், அதுவும் தடை இல்லாத நாட்களில் மட்டும். விறகை வீட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது, உள்ளூரிலேயே வாங்க வேண்டும். வெளியூர் விறகோடு மரப்பூச்சியும் பயணம் செய்துவிடும். என் கணவர் வாங்கி வந்த தடிக்கட்டை நாலை அடுக்கி, கீழே காகிதத்தைச் சுருட்டிவைத்துக் கொளுத்தினார். காகிதம் எரிந்து முடிந்தது, கட்டை சும்மா கிடந்தது. அத்தை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "தள்ளுடா. கட்டைக்கு யாராச்சும் நேரா தீ வெப்பாங்களா? மொதல்ல சிராய், அப்புறம் சுள்ளி, அப்புறந்தான் கட்டை" என்று ஒரு கட்டையை ஒடுக்கமாகப் பிளக்கச் சொல்லி, சீவல் சீவலாகச் சிராய் எடுத்து அடியில் வைத்தார். ஒரே தீக்குச்சி. சிராயிலிருந்து சுள்ளிக்கு, சுள்ளியிலிருந்து கட்டைக்கு என்று தீ படிப்படியாக ஏறியது.

காட்டிலும் தீ ஏறுவது இதே முறையில்தான். வனத்துறையினர் இதற்கு ஏணி எரிபொருள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜெனரல் ஷெர்மனின் முதல் பெரிய கிளை தரையிலிருந்து கிட்டத்தட்ட 40 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சருகு மட்டும் எரியும் தீயால் அந்த உயரத்தை எட்ட முடியாது. ஆனால் தீயே வராத நூறு ஆண்டில் தரையில் சருகும் முறிந்த கிளையும் குவிந்துவிட்டன. நிழலிலும் வளரக்கூடிய வெள்ளை ஃபர் மரங்கள் பெரிய மரங்களின் காலடியில் நெருக்கமாக எழும்பிவிட்டன. அவற்றின் கிளை தரையிலிருந்தே ஆரம்பிக்கும். சருகு சிராய், சின்ன ஃபர் சுள்ளி, பெரிய ஃபர் கட்டை. அதன் உச்சியிலிருந்து எட்டிப் பிடித்தால் செக்கோயாவின் தலை. பட்டைதான் தீயைத் தாங்கும், இலை தாங்காது. தலை முழுக்கக் கருகிய செக்கோயா பிழைக்காது. அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கவும் அதற்குத் தெரியாது என்று முன்பே பார்த்தோம்.

ஆகவே கேட்க வேண்டியது தீ நல்லதா கெட்டதா என்று இல்லை. தீ தரையில் நடக்கிறதா, மரத்தில் ஏறுகிறதா? அடிமரத்துக் கரி, நடந்துபோன தீ விட்டுச்சென்றது. ஏறிய தீயின் அடையாளம் வேறு மாதிரி இருக்கும், மலைச்சரிவில் தலையில்லாமல் நிற்கும் கறுத்த தூண்களாக.

அந்தத் தூண்களையும் இப்போது பார்க்க முடிகிறது. 2012 முதல் 2016 வரை கடும் வறட்சி. ஃபரும் பைனும் ஏராளமாகப் பட்டுப்போய் நின்றன. 2020 ஆகஸ்டில் மின்னலில் பிடித்த காசில் தீ, உலகில் இருந்த பெரிய செக்கோயாக்களில் 10 முதல் 14 சதவீதத்தைக் கொன்றதாகப் பூங்கா நிர்வாகம் மதிப்பிட்டது, அதாவது 7,500க்கும் 10,600க்கும் இடையில். மறு ஆண்டே கே.என்.பி., விண்டி என்ற இரண்டு தீகளில் இன்னும் 2,261 முதல் 3,637 வரை. ரோமப் பேரரசுக் காலத்திலிருந்து எத்தனையோ தீயைப் பார்த்துவிட்டு நின்ற மரங்கள் இவை. அவை பார்த்த தீ வேறு, இது வேறு.

2021 செப்டம்பரில் ஜெனரல் ஷெர்மனின் அடிமரத்துக்கு அலுமினியப் போர்வை சுற்றிய படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. பழைய தீவடுக்கள் வழியாக உள்ளே தீ புகுந்துவிடக் கூடாதே என்று செய்த முன்னெச்சரிக்கை அது. ஆனால் அந்த ஜெயன்ட் ஃபாரஸ்ட் தோப்பு தப்பியதற்குப் பெரிய காரணம் போர்வையில்லை என்பது என் எண்ணம். அங்கே பல பத்தாண்டுகளாகத் திட்டமிட்டுத் தீ வைத்து வந்திருக்கிறார்கள். சிராயும் சுள்ளியும் குறைந்த தோப்பு அது. தீயணைப்புப் படையினரும் முழுமூச்சாக நின்றார்கள், தீயும் பெரும்பாலும் தரையோடு வந்துபோனது. ஹார்ட்டஸ்வெல்ட் ஆய்வு செய்த ரெட்வுட் மவுண்டன் தோப்பின் சில பகுதிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. விதை தருவதற்கே மரம் மிஞ்சாத இடங்களில் நாற்று நடலாம் என்று பூங்கா 2023இல் முடிவெடுத்தது. மனிதக் கை படாத வனம் என்று சட்டம் சொல்லும் இடத்தில் நடலாமா என்று அதற்கும் எதிர்ப்பு இருக்கிறது.

திட்டமிட்டுத் தீ வைப்பது எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஈரப்பதமும் காற்றும் ஒத்துவரும் நாளைப் பார்த்து, பெரிய மரங்களின் அடியிலிருக்கும் குப்பையை முதலில் வாரி அகற்றுவார்கள். டீசலும் பெட்ரோலும் கலந்து எரிந்தபடி சொட்டும் கைக்கலத்தோடு சரிவின் மேலிருந்து பட்டை பட்டையாகக் கொளுத்திக்கொண்டே கீழே வருவார்கள். தீக்கு மேட்டில் ஏறுவதென்றால் குஷி. மேலே முதலில் எரித்துவிட்டால் அது மெதுவாக இறங்கியே ஆக வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கீழே இருக்கும் சான் ஹோவாக்கின் பள்ளத்தாக்கு அமெரிக்காவிலேயே காற்று மிக மோசமான இடங்களில் ஒன்று. புகை அங்கே இறங்கும் என்பதால் காற்றுக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி இல்லாமல் ஒரு தீக்குச்சி கிழிக்க முடியாது. ஈரம், காற்று, ஆள்பலம், அனுமதி எல்லாம் கூடி வரும் நாட்கள் குறைவு. எரிக்க வேண்டிய பரப்போ பெரியது.

மறுநாள் காலையில் காங்கிரஸ் டிரெயில் என்ற பாதையில் நடந்து போங்கள். தார் போட்ட பாதை, மூன்று கிலோமீட்டர் வட்டம், வயதானவர்களும் மெல்ல நடக்கலாம். கரி பிடித்த மரத்தைப் பார்த்ததும் அதன் மேட்டுப் பக்கத்தைப் பாருங்கள். பிறகு காலடியைப் பாருங்கள். தரை வெறிச்சென்று இருந்தால் அங்கே அண்மையில் தீ நடந்திருக்கிறது. வெயில் விழும் அப்படிப்பட்ட இடங்களில் குனிந்து தேடினால், நீலம் கலந்த பச்சையில், கூராக, விரல் உயர நாற்றுகள் கிடைக்கலாம். தேங்கிய சருகும் அடர்ந்த ஃபரும் தெரிந்தால் அந்தப் பகுதி இன்னும் காத்திருக்கிறது என்று அர்த்தம். அத்தை ஓரிடத்தில் நின்று, கைத்தடியால் ஃபர் கூட்டத்தைக் காட்டி, "இதத்தான மொதல்ல எரிக்கணும்?" என்று கேட்டார்.

ஒரு நடைமுறை விஷயம். கோடையின் தொடக்கத்திலோ இலையுதிர்காலத்திலோ போனால், சாலையோரத்தில் திட்டமிட்ட தீ எரிகிறது, தகவல் கொடுக்க வேண்டாம் என்று பலகை வைத்திருப்பார்கள். பலகையைக் கவனிக்காமல் புகையைப் பார்த்துப் பதறி 911ஐ அழைக்கிறவர்கள் உண்டு. கூடாரத்துக்கு முன்பதிவு செய்யும்போதே எந்த வாரம் எங்கே எரிக்கப்போகிறார்கள் என்ற அறிவிப்பையும் பூங்காவிடம் கேட்டுவிடுங்கள். வீட்டில் இழுப்பு இருக்கிறவர்கள் யாராவது வருவதானால் தேதியை ஒரு வாரம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.